பல்லுக்காகக் கொடுத்த டானிக்

முதலில் என் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். முட்டாள்தனம்தான், ஆனால் அதற்கு ஒரு வேர் இருக்கிறது.

என் மேல்வரிசை முன்பற்கள் பழுப்பு. டீ வடிகட்டிய துணி மாதிரி குறுக்கே கோடு கோடாகக் கறை. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. உப்பு, கரி, டிவியில் காட்டிய பேஸ்ட் எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று. சின்ன வயதில் எனக்கு ஓயாமல் காய்ச்சல் வருமாம். ஊரிலிருந்த கம்பவுண்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாத்திரையைத்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பாராம். பிறகு பள்ளிக்கூடத்தில் பல் முகாம் போட்டபோது, வந்த டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "டெட்ராசைக்ளின். கொழந்தையில நெறைய குடுத்துருக்காங்க" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயர் அன்றைக்கே என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் எனக்கு 'வெத்தல' என்று பெயர். பெண் பார்க்க வந்தபோது அம்மா, "வாயத் தொறக்காத, கேட்டா தலைய மட்டும் ஆட்டு" என்று சொல்லித்தான் காபித் தட்டைக் கையில் கொடுத்தாள். பெண் ரொம்ப அடக்கம் என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அந்த நினைப்பு அவர்களை விட்டுப் போய்விட்டது. என் கோபம் அப்படி. ஆனால் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் பல் தெரியச் சிரிக்கவில்லை.

ஒரகடம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. விளக்குக்குக் கீழே பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடி அளவு கீறல் இருந்தாலும் ஒதுக்கிவைக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க மாஸ்க் கழற்றக் கூடாது. மற்றவர்கள் மூச்சு முட்டுகிறது என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வேலையில் பிடித்ததே அந்த மாஸ்க்தான்.

போன மழைக்காலத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு வயது. பால்பல் விழுந்து, முன்னால் இரண்டு புதுப்பல் பாதி முளைத்திருந்த நேரம். நாங்கள் இருக்கிற லேஅவுட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வீடு. மற்ற மனையெல்லாம் எல்லைக்கல் நட்டதோடு சரி, வாங்கிப்போட்டவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. மழை பெய்தால் இடுப்பளவுக்குப் புல் வளர்ந்துவிடும். பிள்ளைகள் அதற்குள்தான் ஓடிப் பிடித்து விளையாடும். காய்ச்சல் மாத்திரை கொடுத்தால் குறையும், மறுபடி ஏறும். முகம் வீங்கின மாதிரி ஆகி, கண் சிவந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் சில படுக்கைகள் மட்டும் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்ததோடு விடவில்லை. அக்குள், காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு என்று உடம்பு பூராவும் தேடினாள். இடுப்பில் ஜட்டி எலாஸ்டிக் அழுத்துகிற இடத்தில் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. பீடியால் சுட்ட தழும்பு மாதிரி.

"இது எத்தன நாளா இருக்குங்க?"

எனக்குத் தெரியும். குளிப்பாட்டும்போது பார்த்திருக்கிறேன். எலாஸ்டிக் உராய்ந்து புண்ணாகியிருக்கிறது என்று நினைத்து மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு விட்டுவிட்டேன். முடிக் கீறலுக்கெல்லாம் பீஸை ஒதுக்குகிறவள், பெற்ற பிள்ளையின் இடுப்பில் இருந்ததைக் கோட்டை விட்டிருக்கிறேன். முதல் வெட்கம் அது. அது எவ்வளவோ தேவலை என்று பிறகு தெரிந்தது.

உண்ணிக் காய்ச்சல் என்றாள் டாக்டர். புல்லில் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி கடித்து வருவதாம். நேரத்தோடு மருந்து கொடுத்தால் கேட்கும், விட்டால் நுரையீரல், மூளை வரை போய்விடும், உயிருக்கே ஆபத்து என்றாள். பிறகு மருந்தின் பெயரைச் சொன்னாள். டாக்ஸிசைக்ளின்.

துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, "இது டெட்ராசைக்ளினா மேடம்?" என்றேன்.

"அந்தக் குடும்பந்தான். ஏன் கேக்குறீங்க?"

"கொழந்தைக்குப் பல்லு கறையாயிடுமேன்னு."

"அது பழைய மருந்துக்கு, நெறைய நாள் குடுத்தா வர்றதுங்க. இது அவ்ளோ செய்யாது. நாம குடுக்கப்போறதும் கொஞ்ச நாள்தான். தைரியமா குடுங்க. ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கலன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

பொறுமையாகத்தான் சொன்னாள். பேசும்போது அவள் பல் தெரிந்தது. வரிசையாக, வெள்ளை வெளேரென்று. இந்தப் பல்லை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் தைரியம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். துப்பட்டாவை எடுத்துவிட்டு, "எனக்கு இப்படி ஆயிருக்குங்க, அதான் பயமா கீது" என்று அந்த நிமிஷமே வாயைத் திறந்து காட்டியிருக்கலாம். நான் வாயை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் போனில் தேடினேன். ஒரு வீடியோவில் கறை பிடிக்கும் என்றார்கள், இன்னொன்றில் பிடிக்காது என்றார்கள். பயந்தவள் கண்ணுக்கு எது தெரியுமோ அதுதான் எனக்குத் தெரிந்தது. என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். டியூட்டி முடிந்து வந்தவரிடம் சொன்னேன்.

"டாக்டர் படிச்சிட்டுதான சொல்லுது? குடுடி. பல்லு கறையானா இன்னா இப்போ? புள்ள இருந்தாதான பல்லு" என்றார்.

"உனுக்கின்னா, உன் பல்லு நல்லா கீது. நாளைக்கு அவள 'வெத்தல'ன்னு கூப்புடுவாங்க. அப்போ நீயா வந்து கேப்ப?"

அவர் சாப்பிடப் போய்விட்டார். அதை நான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன்.

மருந்தை நிறுத்தும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கொடுக்காமல் இருந்து பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? கொடுத்தால் பல்? இரண்டுக்கும் நடுவில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மகளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்தபோது வாங்கிய கால்சியம் டானிக் ஒரு பாட்டில் வீட்டில் இருந்தது. எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி என்று அட்டையிலேயே போட்டிருந்தது. மருந்து போய்ப் பல்லைப் பிடிப்பதற்கு முன்னால் நாம் பல்லுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உள்ளே அனுப்பிவிட்டால்? எனக்கு அது ரொம்ப சரியாகப் பட்டது. என்னைவிடப் புத்திசாலி இந்தக் காஞ்சிபுரம் ஜில்லாவில் இல்லை என்றுகூடத் தோன்றியிருக்கும்.

காலையிலும் ராத்திரியிலும் அரை மாத்திரை. அதற்கு முன்னால் ஒரு மூடி டானிக். மாத்திரைக்குப் பிறகு ஒரு டம்ளர் பால், முழுக்கக் குடிக்கும் வரை விட மாட்டேன். ரோஸ் கலர் டானிக், இனிப்பு, அவளுக்குப் பிடிக்கும்.

"இது இன்னாத்துக்கும்மா?"

"பல்லுக்கு. அப்பாகிட்ட சொல்லாத, திட்டுவாரு."

தலையை ஆட்டினாள். அந்த ஜுரத்திலும் ரகசியம் என்றதும் அவள் கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் சொன்ன கெடு தாண்டியும் உடம்பு அனலாகக் கொதித்தது. சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரி ஹாலில் நிற்க இடமில்லை. அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வயசானவர்கள். டாக்டர் யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டே அறையை விட்டு வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ.

"ரெண்டு நாள்ல எறங்கும்னியே, எங்க எறங்குச்சு? கண்ட மருந்தையும் குடுத்துட்டு... உங்க மருந்த டெஸ்ட் பண்ணிப் பாக்க எம்புள்ளதான் கெடச்சாளா? படிச்சிட்டுதான் வந்தியா, இல்ல சும்மா போர்டு மாட்டிகினு உக்காந்துகினு கீறியா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்பார்களே, அப்படிக் கேட்டேன். ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். டாக்டரின் முகம் சிவந்தது. என் தோளில் இருந்த பிள்ளையை வாங்கி, நேராக உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினாள்.

விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தாள். மார்பைப் பார்த்தாள். ஆக்சிஜன் வைக்கச் சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டாள்.

"மாத்திர ஒழுங்கா குடுத்தீங்களா?"

"ஒரு வேளகூட தவறல."

"வாந்தி எடுத்தாளா?"

"இல்ல."

"வேற எதுனா மருந்து, டானிக், நாட்டு மருந்து, ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் 'டானிக்' என்ற வார்த்தையையே சொல்லித்தான் கேட்டாள், மறந்துவிட்டேன் என்று சொல்ல வழியே இல்லை. டானிக் கொடுத்தேன் என்றால் ஏன் என்று கேட்பாள். அதைச் சொன்னால் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைவிட, அவ்வளவு பேர் முன்னால் கத்திவிட்டு வந்த சூடு இன்னும் ஆறவில்லை. தப்பு என் பக்கமும் இருக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்கக்கூட மனசு ஒப்பவில்லை.

நான் சொன்னதை டாக்டர் நம்பினாள். நம்பியதால் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். மருந்து ஒழுங்காகப் போயும் கேட்கவில்லையென்றால் இது உண்ணிக் காய்ச்சல்தானா, இல்லை வேறு ஏதாவதா? டெங்கு பார்க்கலாம், டைபாய்டு பார்க்கலாம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னாள். போனில் யாரோ பெரிய டாக்டரிடம் பேசினாள். ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றாள். அவள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள், பிள்ளைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் கல்லு மாதிரி நின்றேன். என் பொய்யால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று சத்தியம் பண்ணலாம். ஆனால் அந்தச் சத்தியத்தை என்னாலேயே முழுசாக நம்ப முடியவில்லை.

என் கணவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு காக்கிச் சட்டையோடு ஓடி வந்தார். அவரிடம் ஆம்புலன்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டு, டாக்டர் கடைசியாக ஒரு தடவை எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த மாத்திரைய எப்படிக் குடுத்தீங்க? எதுகூட?"

"தண்ணியிலதான்" என்றேன்.

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. ஆக்சிஜன் மாஸ்கைக் கையால் நகர்த்திக்கொண்டு என் மகள் பேசினாள்.

"ம்மா... அந்த ரோஸ் டானிக்?"

டாக்டர் அவள் பக்கத்தில் குனிந்தாள். "என்ன டானிக்டா தங்கம்?"

"பல்லு டானிக். மாத்திரைக்கு முன்னாடி குடுப்பாங்க. அப்புறம் பாலு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, அப்பாவைப் பார்த்தாள். "அப்பாகிட்ட சொல்லக் கூடாது."

யாரும் என்னைத் திட்டவில்லை. என் கணவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். டாக்டர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான். நர்ஸை ஓடிப்போய் ஊசி மருந்து எடுத்து வரச் சொன்னாள். பிறகு, சாதாரணமாகப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னாள். இந்த மருந்து கால்சியத்தோடு சேர்ந்தால் வயிற்றிலேயே கட்டிக்கொள்ளுமாம், ரத்தத்துக்குச் சரியாகப் போகாதாம். நான் வேளை தவறாமல் கொடுத்த மாத்திரையை, வேளை தவறாமல் நானே மடக்கிப் போட்டிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைகூட இல்லை இது. பிள்ளையாரையே குளத்தில் தள்ளியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனி லைனில் ஒவ்வொருத்தர் வேலை செய்கிற இடத்துக்கும் மேலே என்ன செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கும். அதற்கு மேல் யாரும் தன் இஷ்டத்துக்கு ஒன்றும் சேர்க்கக் கூடாது. ஒரு தடவை திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இன்னும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று பீஸை எல்லாம் கூடுதலாக ஒரு முறை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டாள். அந்த லாட்டையே, அன்றைக்குச் செய்த பீஸ் மொத்தத்தையும், நிறுத்திவைத்தார்கள். "நல்லதுக்குத்தான்க்கா செஞ்சேன்" என்று அழுதாள். "ஒன் நல்லத வூட்டுல வச்சிட்டு வாடி" என்று எல்லார் முன்னாலும் அவளை விளாசினேன். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோது அவள் அழுத முகம்தான் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை. மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் உடம்பு வேர்த்து, காய்ச்சல் இறங்கியது. தோசை வேண்டும் என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என் மேலயும் தப்பு இருக்குங்க. பால்கூட குடுக்காதீங்க, கால்சியம் குடுக்காதீங்கன்னு அன்னைக்கே சொல்லிருக்கணும். கூட்டத்துல விட்டுட்டேன். சாரி."

சொல்லிவிட்டு மகளின் கன்னத்தைத் தட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துப்பட்டாவை எடுத்துவிட்டு வாயைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதனாலயா?" என்றாள். தலையாட்டினேன். "உங்கள அத்தன பேரு நடுவுல நிக்க வெச்சு..." என்று ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. "பரவால்ல விடுங்க" என்று போய்விட்டாள். கத்தியது நிறைந்த ஹாலில், மன்னிப்புக் கேட்டது ஆளில்லாத அறையில். அதிலும் பாதிதான் கேட்டேன்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்குக் கைக்குழந்தை, இரண்டு நாளாகச் சளியாம்.

"சத்திரத்துல அந்த டாக்டரம்மாகிட்ட மட்டும் போயிடாத. மருந்து மாத்திக் குடுத்து ஒரு புள்ள சாவக் கெடந்துச்சாம். அவுங்கம்மா வந்து நாரு நாரா கிழிச்சிட்டாங்களாம்."

"அப்படியா? அப்போ நான் குன்றத்தூருக்கே போயிடுறேன், எவ்ளோ தூரமானாலும்."

அந்த அம்மா நான்தான் என்று சொல்ல வேண்டியதுதானே. தொண்டை வரை வந்தது. மாஸ்க் போட்டிருந்தேன், அதைக் கீழே இறக்கினேன். "நல்ல டாக்டர்தாங்க அவுங்க, எனக்குத் தெரியும்" என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களுக்கு எப்டிக்கா தெரியும்?" என்று கேட்டாள் கைக்குழந்தைக்காரி. "நம்ம புள்ளைக்கு அங்கதான் பாத்தோம், சரியாயிடுச்சு" என்றேன். பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது அது இல்லை. அவள் சந்தேகமாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கம்பெனி கேட் வந்தது, எல்லோரும் இறங்கினோம். அந்தக் குழந்தை எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து கொஞ்சம் பொறுத்து, அரை மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனேன். பாயில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மாத்திரையைக் கையில் வாங்கினாள். தண்ணீர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள், தண்ணீர்தானா என்று. வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னாடா?"

"அந்தக் கைய காட்டும்மா."

முறைத்துக்கொண்டு கேட்கவில்லை. ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் கேட்டாள். என் இன்னொரு கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டி விரித்துக் காட்டினேன். பார்த்துவிட்டு மாத்திரையை விழுங்கினாள்.

அதற்குப் பிறகு எந்த மருந்து கொடுக்கும்போதும், அவள் கேட்பதற்கு முன்னால் நானே காட்டிவிடுகிறேன்.